ஒரு பிடி கரிமருந்து... கல்வராயன் மலையின் தீராத வழக்கு!

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மேலே ஏறினால் வெள்ளிமலை. போன மார்கழியில் அந்தப் பக்கத்து மரவள்ளிக் கொல்லை ஒன்றில் ஓர் இரவு முழுக்கப் பரண் மேல் உட்கார்ந்திருந்தேன். நாலு கம்பம், மேலே ஒரு நீலத் தார்ப்பாய், கையில் டார்ச், தட்டுவதற்கு ஒரு பழைய எண்ணெய் டின். கொல்லையைச் சுற்றி பழைய சேலைகளை வேலியாகக் கட்டியிருந்தார்கள். மனித வாசம் அடித்தால் காட்டுப்பன்றி வராது என்பது கணக்கு. செல்போனில் பாட்டையும் சத்தமாக வைத்திருந்தார் கொல்லைக்காரர்.

பன்றிகளுக்குப் பாட்டு பிடித்திருந்ததோ என்னவோ, இரண்டு மணிக்கு மேல் குடும்பத்தோடு வந்தன. டின் தட்டினோம், கத்தினோம், டார்ச் அடித்தோம். கொஞ்சம் தள்ளிப்போய் நின்று, அடங்கியதும் மறுபடி வந்தன. விடிந்து பார்த்தால் கொல்லையின் ஒரு மூலை ஜே.சி.பி. இறக்கித் தோண்டியதுபோல் கிடந்தது. பாதி தின்ற கிழங்கு, முறிந்த குச்சி, புரண்ட மண். பத்து மாதப் பயிர். ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போயிருக்க வேண்டியது.

கொல்லைக்காரர் கோபப்படவில்லை. குனிந்து ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டியபடி சொன்னார். "ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டா போதும் தம்பி, ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது. அந்தச் சத்தத்துக்குத்தான் ஜெயிலு."

அந்த ஒரு சத்தத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம்

துப்பாக்கி என்றதும் சினிமா வில்லனின் கைத்துப்பாக்கியை நினைத்துக்கொள்ளாதீர்கள். சங்கராபுரம் பக்கத்தில் இருந்த எங்கள் தாத்தா வீட்டிலும் ஒரு துப்பாக்கி இருந்தது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒற்றைக்குழல். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ திணித்து, ஈய ரவையைப் போட்டு, இரும்புக் கம்பியால் குத்திக் கெட்டிக்க வேண்டும். ஒரு தடவை சுட்டுவிட்டு அடுத்த தடவை சுடுவதற்குள் பன்றி பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

தாத்தாவிடம் அதற்கு லைசென்ஸ் இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று கொடுத்தது. அந்தப் புத்தகத்தைத் துப்பாக்கியைவிடப் பத்திரமாக வைத்திருந்தார். துப்பாக்கி சுவரில் மாட்டியிருக்கும். புத்தகம் டிரங்குப் பெட்டிக்குள், நிலப் பத்திரங்களுக்கு அடியில். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் கோணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கி வருவார். இன்றும் அந்த நடைமுறை இருக்கிறது. பாட்டி கேலி செய்வார்: "ஓட்டுப் போடற வரைக்கும் பன்னிக்கு லீவு வுட்டுடுவாங்க போல."

மலையிலிருந்து கடுக்காயும் தேனும் கொண்டுவரும் ஒரு மலையாளி கவுண்டர் தாத்தாவுக்குச் சிநேகிதர். (மலையாளி என்றால் கேரளாக்காரர் அல்ல. கல்வராயன், சேர்வராயன், ஜவ்வாது மலைகளில் வாழும் தமிழ் பேசும் பழங்குடி.) அவரிடமும் அச்சு அசல் அதே மாதிரித் துப்பாக்கி. காகிதம் மட்டும் இல்லை.

"கவுண்டரே, நீங்களும் ஒரு லைசென்ஸ் போட்டு வச்சுக்கக் கூடாதா?" என்று தாத்தா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"எறங்கி ஏறவே ரெண்டு நாளு ஆவுது அண்ணே. காயிதத்துக்கு எத்தினி தடவ எறங்கறது?"

அவ்வளவுதான் பேச்சு. ஒரே துப்பாக்கி, ஒரே பன்றி. ஒருவர் உரிமம் பெற்ற விவசாயி, இன்னொருவர் சட்டப்படி குற்றவாளி. சின்ன வயதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. போன மார்கழியில் நான் உட்கார்ந்திருந்த பரண், அந்தக் கவுண்டரின் மகனுடையது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் ஆயுதச் சட்டம் 1959-இல் வந்தது. அதன் 13-ஆவது பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். நேர்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய்வழியே கெட்டிக்கும் துப்பாக்கிக்கு ஒரு குடிமகன் விண்ணப்பித்தால், தடையாகச் சொல்ல வேறு காரணம் இல்லாதபோது அதிகாரி உரிமம் வழங்க வேண்டும் என்கிறது அது. மற்ற ரைபிள், ரிவால்வர்களுக்கு 'நல்ல காரணம்' இருப்பதாக அதிகாரி திருப்தி அடைந்தாக வேண்டும். ஆக, சட்டத்தின் கண்ணில் மலை விவசாயியின் நாட்டுத் துப்பாக்கிதான் இருப்பதிலேயே சாதுவானது. அந்தத் துப்பாக்கி பயிரைக் காக்கப் போதாது என்று அதிகாரி நினைத்தால், வேறு சாதாக் குழல் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம் என்று கூடுதலாக ஒரு வரியும் உண்டு.

அதே சட்டத்தின் 25-ஆவது பிரிவு மறுபக்கம். உரிமம் இல்லாமல் 'துப்பாக்கியோ தோட்டாவோ' வைத்திருந்தால் சிறை. முன்பு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இருந்த தண்டனை, 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டாண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு. உரிமமின்றி ஆயுதமோ தோட்டாவோ தயாரித்தால் குறைந்தது ஏழாண்டு, ஆயுள் வரை போகலாம். ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்ததும் அந்தத் திருத்தத்தில்தான்.

'துப்பாக்கியோ தோட்டாவோ' என்ற அந்த 'ஓ'வைக் கவனியுங்கள். துப்பாக்கியே இல்லாமல் ஒரு தோட்டா மட்டும் சிக்கினாலும் வழக்குதான். விமான நிலையத்தில் யாரோ ஒருவர் பையின் மூலையில் பழைய தோட்டா ஒன்று கிடந்து, பயணம் ரத்தாகி ஸ்டேஷனுக்குப் போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். அறிந்தே வைத்திருந்தாரா இல்லையா என்று பிறகு கோர்ட் பார்க்கும். அது பிறகு.

தோட்டா என்று சட்டம் சொல்வது பித்தளை உறை போட்ட பளபளப்பான சமாச்சாரத்தை மட்டுமல்ல. துப்பாக்கிக்கான மருந்தும் குண்டும் அதற்குள் அடக்கம். உரிமம் வைத்திருப்பவர்கூட நினைத்த அளவு வாங்க முடியாது. ஒரு சமயத்தில் எத்தனை, ஒரு வருடத்தில் எத்தனை என்று லைசென்ஸ் புத்தகத்திலேயே எழுதியிருக்கும். உரிமம் பெற்ற கடையில்தான் வாங்க வேண்டும், வாங்கியதைப் புத்தகத்தில் பதிய வேண்டும். ரைபிள் என்றால் இன்னும் கெடுபிடி. ராணுவம் பயன்படுத்திய பாயிண்ட் 303 போன்ற ரகங்கள் பொதுமக்களுக்குத் தடை. அதனால்தான் நம் ஊர் எஸ்டேட்காரர்கள், பழைய மிராசுதார்கள் கையில் பாயிண்ட் 315 ரைபிள்களாக இருக்கும்.

இந்தக் கட்டுப்பாடு எல்லாம் நல்லதுக்குத்தான். துப்பாக்கி என்பது ஒரு இரும்புக் குழாய். அதற்கு உயிர் கொடுப்பது மருந்து. சுவிட்சர்லாந்தில் ராணுவத் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பல தலைமுறையாக உண்டு. 2007-இல் அந்த நாடு துப்பாக்கியை வீட்டில் விட்டுவிட்டு, தோட்டாவை மட்டும் கிடங்குக்குத் திரும்பப் பெற முடிவெடுத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து தோட்டா வாங்கப் போனாலும் பின்னணிச் சோதனை. அதை எதிர்த்து அங்கே கோர்ட்டில் பெரிய சண்டையே நடக்கிறது. தோட்டாவைக் கட்டுப்படுத்துவது உலகம் முழுக்க உள்ள யோசனைதான்.

ஆனால், அந்த யோசனைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. தோட்டா கடையில் விற்க வேண்டும். கடையில் விற்றால்தானே கணக்கு வைக்க முடியும்?

அடுப்படியில் ஒரு ஆயுதசாலை

கல்வராயன் மலையில் தோட்டாக் கடை கிடையாது. உரிமமும் இல்லாதவர் எந்தக் கடைக்கும் போகப்போவதில்லை. எனவே மருந்து வீட்டிலேயே தயாராகிறது. வெடியுப்பு, கந்தகம், கரி என்ற பழைய சேர்மானம், கிடைக்காவிட்டால் தீப்பெட்டி மருந்து, பட்டாசு மருந்து. ஈய ரவைக்குப் பதில் சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டு. போலீஸ் பறிமுதல் செய்திகளில் 'நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள்' என்று மூன்றும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

துப்பாக்கியைவிட எனக்குப் பயம் தருவது இந்த மருந்துதான். கடையில் வாங்கும் தோட்டாவில் மருந்து அளந்து போட்டிருக்கும். கையால் கலக்கும் மருந்தில் ஒரு நாள் வெடிக்காது, ஒரு நாள் குழலே பிளந்து முகத்தில் அடிக்கும். மழைக்காலத்தில் நமுத்துப் போகும் என்று அடுப்படிப் பக்கம் வைப்பார்கள். குழந்தைகள் ஓடும் வீடு. சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால், அந்த டப்பாவை நிரப்பியவர் 'தோட்டா தயாரித்தவர்'. ஏழாண்டு தண்டனைக்குள் வருவாரா, இரண்டாண்டுக்குள் வருவாரா என்று வக்கீல்கள் வாதாடலாம். அவருக்கு வக்கீல் வைக்க வசதி உண்டா என்பது வேறு கேள்வி.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகும். பயிர்க் காவல் என்று சொல்லி வைத்திருக்கும் எல்லாத் துப்பாக்கியும் பயிரைக் காப்பதில்லை. மான், முயல், மயில் என்று எதுவும் தப்பாது. பொங்கலை ஒட்டி வடமாவட்ட மலைகளில் நடக்கும் பாரி வேட்டையைத் தடுக்க வனத்துறை வருடா வருடம் எச்சரிக்கை விடுகிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இருட்டில் அசைந்தது பன்றி என்று சுட்டு, போய்ப் பார்த்தால் பக்கத்துக் கொல்லைக்காரர் என்ற கதைகளும் இந்த மலைகளுக்குப் புதிதல்ல. பால்ரஸ் குண்டு விசிறிபோல் சிதறும். ஒன்றைக் குறிவைத்தால் நாலில் படும். குடித்துவிட்டு வரப்புச் சண்டை போடுகிறவன் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கெட்டித்த துப்பாக்கி இருப்பது எந்த ஊருக்கும் நல்லதில்லை. பரண்காரரின் மனைவியிடம் கேட்டேன். "சனியன் வூட்ல இல்லாததே நிம்மதி" என்றார். கணவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனவே போலீஸ் செய்வதில் நியாயம் உண்டு. அவ்வப்போது ஓர் அறிவிப்பு வரும். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஊர்ப் பெரியவர்கள் மூலமோ நேரிலோ ஒப்படைத்தால் வழக்கு இல்லை. சிலர் ஒப்படைப்பார்கள். ஸ்டேஷன் வாசலை மிதிக்கப் பயந்தவர்கள் காட்டோரத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். கேட்பாரற்றுக் கிடந்த துப்பாக்கிகள் என்று படத்துடன் செய்தி வரும். அடுத்த மரவள்ளிப் பட்டத்தில் பன்றி வரும். குழாயும் கட்டையும் கிடைக்காத பொருளா என்ன? மறுபடி ஒன்று முளைக்கும். துப்பாக்கியை வாங்கிக்கொண்ட அரசு, பரணில் அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை.

1801-இலிருந்து ஒரு கதை

இதன் வேர் நாம் நினைப்பதைவிட ஆழம். பாளையக்காரர் போர்களை அடக்கிய கையோடு, 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் தெற்குச் சீமை மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பிரகடனம் போட்டார். 1857 கிளர்ச்சி வெடித்ததற்கும் ஒரு தோட்டாதான் உடனடிக் காரணம். கொழுப்பு தடவிய என்ஃபீல்டு ரைபிள் தோட்டா என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்கு கொடுத்தது. அந்த அவமானம் தேசியத் தலைவர்கள் மனதில் எவ்வளவு உறுத்தியது என்றால், 1931 கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாக இடம்பெற்றது. நம் அரசியல் சாசனத்தில் அது சேரவில்லை. சேராததே நல்லது என்பது என் கட்சி. அமெரிக்காவைப் பார்த்தால் தெரிகிறதே.

கல்வராயன் மலைக்கு இந்தச் சட்டங்கள் எல்லாம் தாமதமாகத்தான் ஏறின. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கொடுத்ததாகச் சொல்லப்படும் மூன்று ஜாகீர்கள் (சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர்) 1976 வரை இந்த மலையை ஆண்டார்கள். வரி அவர்களுக்கு, கூலியில்லா வேலையும் அவர்களுக்கு. சுதந்திரம் வந்து 29 வருடம் கழித்து, 1976-இல்தான் அரசு மலையை நேரடியாக எடுத்துக்கொண்டது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை, கலெக்டரைப் பார்க்க விழுப்புரம் போக வேண்டியிருந்தது. தாத்தாவின் சிநேகிதர் சொன்ன 'எறங்கி ஏற ரெண்டு நாளு' மிகையே இல்லை. துப்பாக்கி உரிமம் வேண்டுமானால் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, வருவாய்த்துறை அறிக்கை, நிலத்துக்கான ஆவணம். 2016 ஆயுத விதிகளுக்குப் பிறகு பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும். கடைசிக்கு முந்தியதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மலையில் தலைமுறையாக உழுதும் பட்டா கைக்கு வராத குடும்பங்கள் நிறைய.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் விஷச் சாராயம் குடித்து இறந்தபோது, நாடே கல்வராயன் மலையைத் திரும்பிப் பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கெடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம் என்று கேள்விகள் எழுந்தன. நல்லது. ஆனால் போலீஸ் ஜீப்பும் அடிக்கடி ஏற ஆரம்பித்தது. சாராய ஊறலைத் தேடிப் போகும் ஜீப், துப்பாக்கியையும் தேடும்.

குடகுக்கு ஒரு நியாயம்

இங்கேயிருந்து வடமேற்கே, அதே மாதிரி மலை, அதே மாதிரி பன்றி உள்ள குடகுக்குப் போவோம். அங்கே குடவர்களுக்கும், ஜம்மா நில உரிமை உள்ளவர்களுக்கும் ஆயுத உரிமமே தேவையில்லை. 1857-இல் அவர்கள் காட்டிய விசுவாசத்துக்குப் பரிசாக 1861-இல் ஆங்கிலேயர் கொடுத்த விலக்கு. சுதந்திர இந்தியாவும் அதைத் தொடர்ந்தது. 2019-இல் மத்திய அரசு மேலும் பத்தாண்டு, 2029 வரை நீட்டித்தது. சாதி அடிப்படையில் விலக்கு கூடாது என்று ஒருவர் வழக்குப் போட, 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. அவர்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகும்போது எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதற்குக்கூட ஒரு கணக்கு உண்டு. ஒரு ரைபிள், அதற்கு 100 தோட்டா. ஒரு சாதாக் குழல் துப்பாக்கி, அதற்கு 500 தோட்டா அல்லது அதற்கு ஈடான ஈயமும் மருந்தும்.

ஐந்நூறு! கல்வராயனில் ஒரு பிடி மருந்துக்கு ஜெயில்.

குடகைப்போல இங்கேயும் விலக்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சட்டம் எல்லா மலைக்கும் ஒன்றாக இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். அரசு நினைத்தால் ஒரு மலையின் வாழ்க்கைக்கேற்ப விதி எழுத முடியும். குடகில் எழுதியிருக்கிறது.

கேரளம் வேறு வழி பார்த்தது. 2022 மே மாதம் பஞ்சாயத்து, நகராட்சித் தலைவர்களுக்கே காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. சுடுவது ஊரில் ஏற்கெனவே உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள். தோட்டாவுக்குக் கணக்கு, பன்றிக்குக் கணக்கு.

தமிழ்நாடும் 2025 ஜனவரியில் ஓர் அரசாணை போட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறைக்காரர்கள் சுடலாம். வி.ஏ.ஓ., வனக்காவலர், ஊராட்சித் தலைவர் அடங்கிய கமிட்டி முடிவு செய்யும். சமவெளி விவசாயிகள் பட்டாசு வெடிக்காத குறை.

இப்போது அந்த 1, 3 கிலோமீட்டர் வட்டங்களைக் கல்வராயன் மலை மேல் வரைந்து பாருங்கள். காட்டுக்கு நடுவில் திட்டுத் திட்டாக ஊர்கள். கொல்லை முடிகிற இடத்தில் காப்புக்காடு தொடங்குகிறது. பரண் மேல் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து காட்டின் எல்லைக்கல் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் கொல்லைக்காரருக்கு அரசாணையில் கிடைத்த பங்கு என்ன? முதல் வட்டம். அதாவது, சுடக் கூடாது. பிடிக்க ஆள் வருவார்கள் என்றும் இல்லை. பன்றியால் அதிகம் சேதப்படுபவர் அவர். ஆணை தொடாமல் விட்டதும் அவரைத்தான். வன உயிரினம் காக்கப்பட வேண்டிய இடம் காடுதான் என்பது சரியான வாதமே. ஆனால், காட்டுக்குள்ளேயே நூற்றாண்டுகளாக ஊர் இருக்கிறதே, அதற்கு என்ன பதில்?

பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் உண்டு, வனத்துறையில் மனுக் கொடுக்கலாம். அதற்கும் நில ஆவணம். மறுபடி அதே பட்டா.

சத்தமில்லாத ஆயுதங்கள்

துப்பாக்கியும் மருந்தும் போய்விட்டால் விவசாயி சும்மா இருந்துவிடுவார் என்று நினைப்பது பிழை. தமிழ்நாட்டின் காட்டோரங்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தாலே தெரியும். பழத்துக்குள்ளோ மாவுக்குள்ளோ வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காய். பன்றி கடித்தால் வாய் சிதறும். மாடு கடித்தாலும் சிதறும், நாய் கடித்தாலும் சிதறும். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று வெடிபொருள் கடித்து, வலி தாங்காமல் ஆற்றில் நின்றபடியே இறந்தது நினைவிருக்கும்.

இன்னொன்று மின்வேலி. திருட்டு மின்சாரத்தைக் கம்பியில் ஏற்றிவிடுவது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே ஒரே இரவில் மூன்று பெண் யானைகள் அப்படித்தான் செத்தன. இரண்டு குட்டிகள் தாயின் பக்கத்தில் சுற்றிச் சுற்றி வந்த படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த வருடமே மின்வேலிகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. யானை செத்தால் நாடு முழுக்கச் செய்தி. அதே மாதிரிக் கம்பியில் விடியற்காலை கொல்லைக்குப் போன மனிதர்கள் சாவது உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி.

துப்பாக்கியைச் சுடும்போது ஒரு மனிதன் அதன் பின்னால் நிற்கிறான். என்ன தெரிகிறது என்று ஒரு நொடியாவது பார்க்கிறான். அவுட்டுக்காய்க்கும் கம்பிக்கும் கண் இல்லை. மருந்தைக் கட்டுப்படுத்தும்போது இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டாமா?

என் யோசனை சின்னது. பெரிய அதிகாரிகள் சிரிக்கலாம். வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டாம். ஊருக்கு ஒன்றோ இரண்டோ, சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்லும் அதே பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில், ஊர்க்கூட்டம் பொறுப்பேற்கும் ஆள் கையில். மருந்தும் ரவையும் அரசு கணக்கில், பட்டத்துக்கு இவ்வளவு என்று அளந்து. பன்றியைக் கொல்லக்கூட வேண்டாம். வெறும் மருந்து வெடித்துச் சத்தம் எழுப்ப மட்டும் அனுமதி கொடுத்துப் பார்க்கலாம். விண்ணப்பம் வாங்க அதிகாரிகள் மாதம் ஒரு நாள் வெள்ளிமலைக்கு ஏறலாம். இப்போது அங்கே கல்வராயன்மலை தாலுகா ஆபீஸே இருக்கிறது. வன உரிமைச் சட்டத்தில் வர வேண்டிய பட்டாக்கள் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தானே கரையும்.

ஆபத்து இல்லையா? இருக்கிறது. கணக்கில் உள்ள மருந்து கணக்கில்லாத துப்பாக்கிக்குப் போகலாம். மான் வேட்டைக்குப் போகலாம். அடுப்படி டப்பாவில் இருப்பதைவிட, புத்தகத்தில் எழுதிய மருந்தைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. பரண்காரரின் மனைவிக்கு இதுவும் பிடிக்கவில்லை. "ஆருக்குக் குடுத்தாலும் அவுரு பெரிய ஆளாயிடுவாரு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தாத்தா இறந்த பிறகு அவருடைய துப்பாக்கியை வாரிசு பேருக்கு மாற்ற யாரும் அலையத் தயாராக இல்லை. ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டோம். ரசீது இருக்கிறது. அவருடைய சிநேகிதரின் துப்பாக்கி என்ன ஆனது என்று மகனிடம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விடிந்ததும் டின்னைக் கம்பத்தில் மாட்டிவிட்டு, பன்றி மிச்சம் வைத்த கிழங்கில் நாலைந்தைப் பொறுக்கி என் பையில் போட்டார்.

"பாப்பாவுக்கு அவிச்சுக் குடு தம்பி. இன்னிக்கு ராத்திரியும் வரும். நான் ஒரு மணி நேரம் படுத்து எந்திரிக்கறேன்."